சோளம் அறுத்த மண்ணு

நெல்லித்தோப்புல அஞ்சலாட்சி வீட்டு வாசலைப் பாத்தவங்க ஒரு தடவையாவது மூக்குமேல விரல் வெச்சிருப்பாங்க. வாசல்னா தண்ணி தெளிச்சு ஒரு கோலம் போடவாவது எடம் வேணாமா? அவ வாசல்ல முட்டி ஒசரத்துக்குக் கோரை மண்டிக் கெடக்கும். வேற எவ வாசலா இருந்தாலும் சோம்பேறின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடலாம். இவளை எப்படிச் சொல்றது? டவுனைச் சுத்தி இருந்த தோட்டம் கொல்லை எதுலயும் களையெடுப்புன்னா மொதல்ல கூப்புடுற ஆளே இவதான். ஊரான் கொல்லையில ஒரு புல்லை விட்டுவெக்க மாட்டா, சொந்த வாசல்ல காடு வளக்குறா. கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு சில பேரு சொன்னாங்க. பொண்ணு போன துக்கம்னு சில பேரு சொன்னாங்க. துக்கம்னு சொன்னவங்க பாதி வரைக்கும் சரியா சொன்னாங்க. மீதிப் பாதி அவங்களுக்குத் தெரியாது.

அவ வாழ்க்கைப்பட்டு வந்தது தவளக்குப்பத்துக்குத் தெக்கால ஒரு சின்ன ஊர்ல இருந்து. புருசன் கலியபெருமாள் உப்பளத்துப் பக்கம் துறைமுகத்துல மூட்டை தூக்குன ஆளு. தங்கமான மனுசன். அதிர்ந்து பேச மாட்டான், சம்பாதிச்சதை அப்படியே கொண்டாந்து பொண்டாட்டி கையில குடுத்துடுவான். ஒரு மழைநாள்ல ஏத்துப்பலகையில கால் வழுக்கி மூட்டையோட சாஞ்சவன் எழுந்திருக்கவே இல்ல. அப்போ பொண்ணு வேம்பு இடுப்புக் கொழந்தை. அழுதுகிட்டு ஒக்காந்திருந்தா அடுப்புல ஒலை வைக்கிறது யாரு? காரியம் முடிஞ்ச கையோட களை கொத்துற களைக்கொட்டு ஒண்ணை எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டா.

கை வாகுன்னா அதுதான் கை வாகு. மத்த பொம்பளைங்க கோரையைக் கழுத்தோட வெட்டிட்டு நகந்துடுவாங்க. அஞ்சலாட்சிக்குப் பத்திக்கிட்டு வரும். "அடியே, அவனுக்கு முடிவெட்டியா வுடுற? நாளைக்கே தலை சீவிக்கிட்டு ஜோரா வந்து நிப்பான் பாரு!" கொட்டு நுனியை ஓரமா எறக்கி, மூணு விரலால மண்ணைத் தொழாவி, அடியில கறுப்பா இருக்குற கெழங்கை உருவி எடுத்துடுவா. அவ போன நெரையில திரும்ப ஒரு கோரை எட்டிப் பாத்ததா சரித்திரம் இல்ல. அதுல அவளுக்கு ஒரு கர்வம். இருக்கட்டுமே, கர்வப்பட வேற என்னா இருந்துச்சு அவகிட்ட?

புடுங்குன களை புடுங்குனவளுக்கு. அது அந்தப் பக்கத்து வழக்கம். கூலி ஒரு பக்கம். பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, சாரணை எல்லாம் மடியில கட்டிக்கிட்டு வந்தா அது ராத்திரிக் கொழம்பு. புல்லு ஆட்டுக்கு. அதனால ஐப்பசி மழை புடிச்சு கொல்லையெல்லாம் பச்சையா பொங்குச்சுன்னா, கொல்லைக்காரன் தலையில கை வெச்சுக்குவான், அஞ்சலாட்சி தலைமுடியை அள்ளி முடிஞ்சுக்கிட்டு சிரிப்பா.

கொடி மாறுன பொறவு அந்தச் சிரிப்பு கொறஞ்சுபோச்சு. பிரான்சுக்காரன் கொடி எறங்கி, நம்ம கொடி ஏறி, ஊரே பட்டாசு வெடிச்சுது. அவளும்தான் போயி நின்னு பாத்தா. ஆனா அடுத்த வருசத்துக்குள்ள நெல்லித்தோப்பைச் சுத்தி இருந்த கொல்லைங்க ஒண்ணொண்ணா மனையாயிடுச்சு. கல்லு நட்டுக் கயிறு கட்டுன எடத்துல களையெடுக்க யாரு கூப்புடுவா? கடைசியில கிருஷ்ணசாமி தோட்டம் ஒண்ணுதான் நின்னுச்சு. பெரிய கெணறு, அதைச் சுத்தி மொளகா போடுற நெலம். அந்த ஒரு தோட்டத்துக் களையில அவளும் வேம்பும், பக்கத்து வீட்டுக்காரி சின்னப்பொண்ணும் காலத்தை ஓட்டுனாங்க.

கிருஷ்ணசாமி சைகோன் பக்கம் ரப்பர் தோட்டத்துல மேஸ்திரியா இருந்துட்டு வந்தவரு. பென்சன் வாங்குற மனுசன், கெட்டவரு கெடையாது. ஆனா சும்மா இருக்கத் தெரியாது, எதையாவது ஒண்ணைப் புதுசா செஞ்சு பாத்துக்கிட்டே இருக்கணும். அந்த ஆடியில மொளகாய்க்கு முன்னாடி நெலம் முழுக்கச் சோளத்தை நெருக்கி வெதைச்சாரு. பூ எடுக்குற பருவத்துல அறுத்தாரு. அறுத்ததை மாட்டுக்குப் போடுவாருன்னு பாத்தா, அப்படியே நெலத்துமேல பாய் விரிச்ச மாதிரி பரப்பச் சொன்னாரு. பரப்புனவங்களும் இவங்க மூணு பேருதான்.

"என்னாங்கய்யா இது, மாடு திங்கிறதை மண்ணுக்குப் போடுறீங்க?" ன்னு சின்னப்பொண்ணு கேட்டா.

"களை வராது, அதுக்குத்தான்," ன்னாரு அவரு. "நான் இருந்த எடத்துல ரப்பர் மரத்துக்கு அடியில ஒரு கொடியை வளப்பாங்க. அது படந்துச்சுன்னா புல்லு அண்டாது. நெழலால மட்டும்னு நெனைக்காத. சில பயிருக்கு வேர்ல இருந்து ஒரு சாரம் கசியும். தழை மக்குறப்போ அதுல இருந்தும் எறங்கும். மொளைக்க வர்ற வெதையை, கெழங்கை அது தலையெடுக்க வுடாது. சோளத்துக்கு அந்தக் கொணம் ரொம்ப உண்டு."

"அப்போ மொளகா மட்டும் எப்படிங்க வரும்?"

"அது வேர் வுட்ட நாத்து, தாங்கிக்கும். மொளைக்குறதைத்தான் புடிக்கும். போன வருசம் ஒரு பாத்தியில சோளத்தை அறுத்துட்டு, தட்டையெல்லாம் வாரி வெளியில போட்டுட்டுக் கீரை வெதைச்சேனே, ஒண்ணு மொளச்சுதா? நீங்க கூட சிரிச்சீங்களே."

சிரிச்சது உண்மைதான். வெதை பொக்குன்னு சொல்லிச் சிரிச்சாங்க. இப்பவும் அஞ்சலாட்சி விடல. "சோளத்துக்கு வாயி இருக்குதா, பல்லு இருக்குதா, புல்லைப் போயி கடிக்க? கூலி குடுக்க மனசில்லன்னு நேரா சொல்லிட்டுப் போங்களேன்யா!" கிருஷ்ணசாமி கோச்சுக்கல. பாக்கத்தானே போறோம்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. வாய் அப்படிப் பேசிடுச்சே ஒழிய, அன்னைக்கே அவளுக்குப் பயம் புடிச்சுக்கிச்சு.

ஏன்னா அந்த மாசம்தான் கால்வாய்க்கு அந்தாண்ட ஒரு வீட்ல இருந்து ஆள் வந்துட்டுப் போயிருந்தாங்க. அந்த வீட்டு அம்மாவை எல்லாரும் வெள்ளைக்காரச்சியைக் கூப்புடுற மாதிரி மதாம்னுதான் கூப்புடுவாங்க. தமிழச்சிதான், புருசனுக்குப் பிரான்சு சர்க்கார்ல உத்தியோகம். குடும்பத்தோட கப்பலேறப் போறாங்க, கைக்கொழந்தையைப் பாத்துக்க ஒரு பொண்ணு வேணும். வேம்பு அங்க துணி தொவைக்கப் போயி வந்துகிட்டு இருந்தவ. கொழந்தை இவகிட்ட நல்லா ஒட்டிக்கிச்சு. மதாம் ஆசையாத்தான் கேட்டாங்க. வயித்துக்குச் சோறு, ஒடம்புக்குத் துணி, கொறை வெக்க மாட்டேன்னு சொன்னாங்க. கார்த்திகைக்குள்ள பதில் வேணும்.

பிரான்சு எந்தத் தெசையில இருக்குன்னுகூட அஞ்சலாட்சிக்குத் தெரியாது. போனவங்க திரும்பி வந்து பாத்ததில்ல, அது தெரியும். "ஒத்தைப் பொண்ணைக் கடலுக்கு அந்தாண்ட அனுப்பிட்டு நான் யாரு மூஞ்சைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்?" ன்னா.

வேம்புக்கும் போக இஷ்டம் இல்ல. ஆனா பொண்ணு கண்ணு தெறந்த பொண்ணு. வீட்ல பானை கவுந்து கெடந்ததையும், அம்மா தான் சாப்டாச்சுன்னு பொய் சொல்லிட்டுத் தண்ணி குடிச்சதையும் பாத்தவ. "எம்மா, நான் ஒண்ணு சொல்றேன் கேளு. இந்த வருசம் சைகோன்காரர் தோட்டத்துல களையெடுப்பு வந்துச்சுன்னா நான் இருக்குறேன். வரலைன்னா போறேன். ரெண்டு பேரும் இங்க ஒக்காந்து பட்டினி கெடந்து யாருக்கு என்னா லாபம்?" ன்னா. அதுக்கு மேல பேச என்னா இருக்கு? களை மொளைச்சா பொண்ணு இருப்பா. மொளைக்கலன்னா போயிடுவா.

மொளகா நாத்து நடுற நாள் வந்துச்சு. மூணு பேரும் ஆளுக்கொரு நெரையா, சோளத்தட்டையை வெலக்கி வெலக்கி நட்டாங்க. வேம்பு எப்பவும் போல ஒரு குழியில ரெண்டு நாத்தா வெச்சுக்கிட்டு வந்தா. "ஒண்ணு வைடின்னா கேக்க மாட்டியா?" ன்னு அஞ்சலாட்சி அதட்டுனா. "ஒண்ணு பட்டுப்போனாலும் ஒண்ணு நிக்கும்மா, தனியா வெச்சா பாவம்," ன்னு அவ சிரிச்சா. சின்ன வயசுல இருந்து அவளுக்கு அது ஒரு பழக்கம், பூவெதை போட்டாலும் ரெண்டு, மாங்கொட்டை நட்டாலும் ரெண்டு.

அன்னைக்குத்தான் அஞ்சலாட்சி அந்தக் காரியத்தைச் செஞ்சா. காலையில வரும்போதே வாய்க்கா ஓரத்துல கோரையைத் தோண்டி, தழையைக் கிள்ளிப் போட்டுட்டுக் கெழங்கை மட்டும் மடியில கட்டிக்கிட்டு வந்திருந்தா. சின்னப்பொண்ணும் வேம்பும் முன்னால போகட்டும்னு கொஞ்சம் பின்தங்கி, தன் நெரையில நட்ட நாத்துக்குப் பக்கத்துல ஒரொரு கெழங்கா விரலால அழுத்திக்கிட்டே போனா. எந்தக் கையால ஆயுசு பூரா கோரையை உருவி எடுத்தாளோ அதே கையால அதை நடுறா. அடுத்தவன் நெலத்துல களை நடுறது, சோத்துல மண்ணைப் போடுற மாதிரிதானே? தெரியும் அவளுக்கு. "மாரியாத்தா, என்னை மன்னிச்சுடு, எம்பொண்ணுக்காகத்தான்," ன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே நட்டா. நட்டு முடிச்சுட்டு நிமிந்தப்போ கிருஷ்ணசாமி ஒரு செம்பு மோரைக் கொண்டாந்து நீட்டுனாரு. அவளால அவரு மூஞ்சைப் பாக்க முடியல.

ஐப்பசி மழை எறங்குச்சு. அப்பா, என்னா மழை! வேலியோரம், வாய்க்கா, மனைபோட்ட கல்லு சந்து, எங்க பாத்தாலும் புல்லு பிச்சுக்கிட்டு வந்துச்சு. அவ வீட்டுச் செவுத்துல கூட மொளைச்சுது. கிருஷ்ணசாமி தோட்டத்துல மட்டும் மொளகா நாத்து பச்சுன்னு நிமிந்து நிக்குது, நடுவுல கருத்துப்போன சோளத்தட்டை, வேற ஒண்ணும் இல்ல. பாக்க அழகாத்தான் இருந்துச்சு. அவளுக்கு மட்டும் அது சுடுகாடு மாதிரி இருந்துச்சு.

ஏதாவது ஒரு சாக்கு சொல்லிக்கிட்டு தெனம் போயி வேலிக்கு இந்தாண்ட நின்னு பாத்தா. நாளைக்கு வரும், நாளன்னைக்கு வரும்னு மனசைத் தேத்திக்கிட்டா. கோரையைப் பத்தி அவளுக்குத் தெரியாதா? பாறையைப் பொளந்துகிட்டு வர்ற சாதி அது. அது எப்படி வராம போகும்? வந்திருக்கணும். வந்திருக்கும். வந்ததை யாரோ புடுங்கியிருக்கணும். அவ புத்தி அப்படித்தான் போச்சு. சோளத்தைச் சந்தேகப்படல, மனுசங்களைச் சந்தேகப்பட்டா.

சின்னப்பொண்ணு வந்து வாயை வுட்டது அந்த நேரம் பாத்துத்தான். கெட்ட எண்ணத்துல இல்ல, சாதாரணமாத்தான் சொன்னா. "ஏக்கா, நம்ம வேம்பு விடியக்காலையில தோட்டத்துல என்னா பண்ணுது? நேத்து கெணத்துல தண்ணி எடுக்கப் போனேன். கெணத்தடி நெரையில முட்டி போட்டு மண்ணைத் தோண்டிக்கிட்டு இருந்துச்சு. என்னைப் பாத்துட்டு வெடுக்குன்னு எழுந்து கொடத்தைத் தூக்கிக்கிட்டுப் போயிடுச்சு. நகத்துல எல்லாம் மண்ணு."

அவ்வளவுதான். அஞ்சலாட்சிக்கு ஒச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் எரிஞ்சுது. அப்போ இவளா? மொளைக்கிறதை மொளைக்கிறதை இவளே உருவிப் போட்டுட்டு, களை வரல நான் போறேன்னு சொல்லப் போறாளா? கப்பல் ஆசை வந்துடுச்சா? மதாம் வீட்டு வெள்ளைத் துணியும் ரொட்டியும் பெத்தவளை மறக்க வெச்சுடுச்சா?

அந்நேரம் தண்ணியோட உள்ள வந்த வேம்பு கொடத்தை எறக்கி வெக்கக்கூட இல்ல, அஞ்சலாட்சி புடிச்சுக்கிட்டா.

"தோட்டத்துல முட்டி போட்டு என்னாடி பண்ணுன?"

வேம்பு மூஞ்சி வெளிறிப் போச்சு. "ஒண்ணும் இல்லியே."

"புல்லைப் புடுங்குனியா இல்லியா? நெஜத்தைச் சொல்லு!"

"புல்லு மொளைச்சாத்தானேம்மா புடுங்க."

இந்தப் பதில் அவளுக்கு நக்கலாப் பட்டுச்சு. "வாயைப் பாரு வாயை! எனக்குத் தெரியும்டி. போவணும்னு ஆசை வந்துடுச்சு ஒனக்கு. அதை நேரா சொல்றதுக்கு என்னா? திருட்டுத்தனமா விடியக்காலையில போயி மொளையை நசுக்குறியா? பெத்தவ கஞ்சிப்பானையில கல்லைப் போட்டுட்டுத்தான் கப்பலேறணுமா? போடி! போய்த் தொலை! எனக்குப் பொண்ணே பொறக்கலன்னு நெனச்சுக்கிறேன்!"

சின்னப்பொண்ணு வாசல்ல நின்னுகிட்டு இருந்தா. வேம்பு அவளை ஒரு பார்வை பாத்தா, அம்மாவை ஒரு பார்வை பாத்தா. "நீ அப்படி நெனச்சுட்டியாம்மா? சரி," ன்னா. கொடத்தை எறக்கி வெச்சா, கையைக் கழுவுனா, கால்வாய்க்கு அந்தாண்ட போயி மதாமுக்குப் பதில் சொல்லிட்டு வந்தா.

போற அன்னைக்கு அவ வந்து காலைத் தொட்டப்போ அஞ்சலாட்சி செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா. பிடிவாதம். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, போகாதடின்னு சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு பொட்டியைக் கீழ வெச்சிருக்கும். சொல்லல. ஸ்டேசனுக்கும் போகல. கப்பலுக்காகப் பட்டணத்துக்குப் போற ரயில் ஊதுன சத்தம் நெல்லித்தோப்பு வரைக்கும் கேட்டுச்சு. அப்பத்தான் அழுதா, கதவைச் சாத்திக்கிட்டு.

அதுக்கப்புறம் கொஞ்ச நாள்ல கிருஷ்ணசாமி கூப்புட்டு அனுப்புனாரு. அவருக்கும் மனசு கேக்கல போல. களை இல்லன்னாலும் மொளகாய்ச் செடிக்கு மண்ணு அணைக்கணும், வந்து செஞ்சுட்டுப் போன்னாரு. சின்னப்பொண்ணும் வந்தா. அஞ்சலாட்சி தன் பழைய நெரையில எறங்கி மொத வெட்டு வெட்டுனா. மண்ணோட ஒரு கோரைக்கெழங்கு பொரண்டு வந்து காலடியில விழுந்துச்சு.

கையில எடுத்துப் பாத்தா. அவ நட்டதுதான். யாரும் புடுங்கல. ஒரு சின்ன மொளை கெளம்பியிருக்கு, அரிசி அளவுக்குத்தான். அதோட மூக்கு கருகி அங்கேயே நின்னுபோச்சு. அடுத்த செடிக்குப் பக்கத்துல தோண்டுனா. அங்கேயும் கெழங்கு. கருகுன மூக்கு. அதுக்கடுத்த செடியிலயும் அதேதான். நட்டது நட்டபடி எல்லாம் மண்ணுக்குள்ளயே இருந்துச்சு. அந்த மனுசன் சொன்ன சாரம் எறங்கி, மொளைக்க வந்ததை மொளைக்க வுடாம உக்கார வெச்சிருக்கு. அப்போ வேம்பு எதைப் புடுங்குனா? புடுங்க என்னா இருந்துச்சு?

"புல்லு மொளைச்சாத்தானேம்மா புடுங்க." பொண்ணு நக்கல் பண்ணல. நெஜத்தைத்தான் சொல்லியிருக்கா.

அப்போ முட்டி போட்டு என்னா பண்ணுனா?

களைக்கொட்டைப் போட்டுட்டு கெணத்தடி நெரைக்கு ஓடுனா. "அது என் நெரை ஆச்சேக்கா, எங்க ஓடுற?" ன்னு சின்னப்பொண்ணு கத்துனா. அந்த நெரையில அஞ்சலாட்சி ஒரு கெழங்குகூட நடல, அது அவளுக்கு நல்லாத் தெரியும். மொதச் செடிக்குப் பக்கத்துல கையாலயே தோண்டுனா. விரல்ல கெழங்கு தட்டுப்பட்டுச்சு. இன்னொண்ணும் தட்டுப்பட்டுச்சு. ஒரே குழியில ரெண்டு. அடுத்த குழியிலயும் ரெண்டு. அதுக்கடுத்ததுலயும் ரெண்டு. நெரை பூரா, ஒண்ணு பட்டுப்போனா ஒண்ணு நிக்கட்டும்னு, ரெண்டு ரெண்டா. எல்லாமே மூக்கு கருகி.

பாவி, பாவி, பாவின்னு தலையில அடிச்சுக்கிட்டா. அந்தப் பொண்ணும் போக வேணாம்னுதான் களை நட்டிருக்கு. அம்மா செஞ்ச அதே திருட்டை அதுவும் செஞ்சிருக்கு. அசலார் எதிர்ல அதை எப்படிச் சொல்லும்? சொன்னா அடுத்தவன் சோத்துல மண்ணைப் போட்டவன்னு பேராகும். அம்மா நம்புவான்னு நெனச்சு வாயை மூடிக்கிச்சு. அம்மாவா? பொண்ணு காலைத் தொட்டப்போ செவுத்தைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தா.

"என்னாக்கா, என்னாச்சு?" ன்னு சின்னப்பொண்ணு வந்து தோளைப் புடிச்சா. அஞ்சலாட்சி கெணத்தடி நெரையில இருந்த கெழங்கு அத்தனையையும் பொறுக்கி மடியில கட்டிக்கிட்டா. கிருஷ்ணசாமி அதைப் பாத்தாரு. பாத்துட்டு கெணத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

கொண்டாந்து வாசல்ல நட்டா, ஒரு குழிக்கு ரெண்டா. அங்க சோளமும் இல்ல, சாரமும் இல்ல. சாகாம அடங்கிக் கெடந்த கெழங்குதானே, அடுத்த மழைக்கே கருகுன மூக்குக்குப் பக்கத்துல புதுசா ஒரு மொளை விட்டு வந்துடுச்சு.

வேம்பு நல்லா இருக்கான்னு மதாம் வீட்டுச் சொந்தக்காரங்க ஒரு தடவை சொன்னாங்க. அப்புறம் அந்தக் குடும்பம் வேற ஊருக்கு மாறிடுச்சுன்னாங்க. அதுக்கப்புறம் ஒரு தகவலும் இல்ல. அறுவத்திரெண்டுல ஒப்பந்தம் உறுதியாகி ஊரு முழுசா இந்தியாவானப்போ, பிரான்சுல இருந்தவங்க சில பேரு வந்து போனாங்க. அஞ்சலாட்சி ஸ்டேசன்ல போயி நின்னு எறங்குறவங்களை எல்லாம் பாத்துட்டு நடந்தே வீட்டுக்கு வந்தா.

அடுத்து வந்த பொங்கலுக்கு வாசலைச் சுத்தம் பண்ணித் தரேன்னு சின்னப்பொண்ணு நல்ல மனசோட களைக்கொட்டை எடுத்துக்கிட்டு வந்து குனிஞ்சா. அஞ்சலாட்சி உள்ள இருந்து ஓடியாந்து அவ கையைப் புடிச்சா.

"வுட்டுடுடி. அது எம்பொண்ணு நட்டது."